வீட்டுக் கதவுகளுக்கு எந்தப் பூட்டு? கதவு வாரியாகத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு கட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் மரம் பார்க்க மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்குபவர்கள்கூட, பூட்டு விஷயத்தில் மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய வாரம் ஆசாரி எழுதிக் கொடுக்கும் சீட்டை வைத்தே எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். கடைக்காரர் முதலில் விலையைக் கேட்பார், பிறகு நிறத்தைக் கேட்பார். கதவு எவ்வளவு தடிமன், உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பூட்டைத் தீர்மானிக்க வேண்டியவை இந்தக் கேள்விகள்தான். ஒரு பூட்டின் வலிமை அது பதிந்திருக்கும் கதவையும், அதன் நாக்கு நுழையும் நிலையையும் தாண்டிப் போகாது. வெளியாள் வராமல் தடுப்பதோடு, உள்ளே இருப்பவர் அவசரத்தில் வெளியேறுவதற்கும் அது வழிவிட வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு கதவுக்கும் வெவ்வேறு பூட்டுதான் பொருந்தும் என்பது விளங்கும்.

முதல் படி: கதவுகளைக் கணக்கெடுத்தல்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு தெருவாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை நடந்து, வீட்டில் உள்ள எல்லாக் கதவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது வெளியிலிருந்து எட்டக்கூடிய கதவா, எதனால் ஆனது, இரவில் அதற்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள், அதன் சாவி எத்தனை பேர் கையில் இருக்க வேண்டும் என்பவற்றைக் குறியுங்கள். பால்காரர் வரும் நேரத்தில் திறக்கும் கதவையும், ஊருக்குப் போகும்போது கடைசியாகப் பூட்டும் கதவையும் தனியாக அடையாளமிடுங்கள். பல வீடுகளில் இவை இரண்டும் வேறு வேறு கதவுகள்.

இந்தக் கணக்கெடுப்பிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டுவிடும். தலைவாசலுக்குத் தேக்குக் கதவும் விலையுயர்ந்த பூட்டும் இருக்க, கொல்லைப்புறக் கதவும் மொட்டை மாடிக் கதவும் ஒரு சிறிய அலுமினியத் தாழ்ப்பாளை நம்பி நின்றுகொண்டிருக்கும். யாரும் பார்க்காத பக்கமாக வர விரும்புபவருக்கு அந்த இரண்டு கதவுகளே போதும். ஆகவே பணத்தைப் பங்கிடும்போது, தலைவாசலில் கொஞ்சம் குறைத்தாவது அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

இரண்டாம் படி: அளவெடுத்தல்

கதவின் தடிமனை முதலில் அளக்க வேண்டும். தலைவாசல் கதவுகள் பொதுவாக 35 முதல் 40 மி.மீ. தடிமனிலும், அறைகளின் ஃப்ளஷ் கதவுகள் (இருபுறமும் பலகை ஒட்டிய தட்டையான கதவுகள்) 30 முதல் 32 மி.மீ. தடிமனிலும் இருக்கும். கதவின் ஓரத்தைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்டைஸ் பூட்டுக்கு இது மிக முக்கியம். மெல்லிய கதவில் பள்ளம் வெட்டினால் இரண்டு பக்கமும் மிஞ்சும் மரம் மெலிந்து, நல்ல பூட்டே கதவைப் பலவீனமாக்கிவிடும். அடுத்ததாகக் கதவின் நெடுஞ்சட்டத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கதவின் ஓரத்திலிருந்து சாவித் துளையின் நடு வரை உள்ள தூரத்தைக் கடைகளில் பேக்செட் என்பார்கள், 45 மி.மீ., 60 மி.மீ. என்ற இரண்டு அளவுகள் அதிகம் புழக்கத்தில் உள்ளன. 60 மி.மீ. பேக்செட் உள்ள பூட்டின் உடல் அதைவிட ஆழமாக, ஏறக்குறைய 85 முதல் 90 மி.மீ. வரை மரத்துக்குள் போகும் என்பதால், சட்டம் 4 அங்குல அகலமே இருந்தால் 45 மி.மீ. அளவையே கேட்டு வாங்குங்கள்.

பேனல் கதவாக இருந்தால், குறுக்குச் சட்டமும் நெடுஞ்சட்டமும் சேரும் மூட்டின் மேல் பள்ளம் வெட்டக் கூடாது. கைப்பிடி அங்கே இருந்தால் எடுப்பாகத் தெரியும் என்பதற்காகச் சிலர் சரியாக அந்த இடத்தில் வெட்டச் சொல்வார்கள். அதனால் கதவைத் தாங்கிப் பிடிக்கும் மூட்டே அறுபட்டுப்போகும். உள்ளே கூடான ஃப்ளஷ் கதவுகளில் பூட்டு வைக்கும் இடத்தில் மட்டும் கட்டை வைத்து ஓரத்தில் குறியிட்டிருப்பார்கள்; அந்தக் குறியைப் பார்க்காமல் கதவைத் திருப்பி மாட்டிவிட்டால், பூட்டின் திருகுகளுக்குப் பிடிமானமே இருக்காது.

இதோடு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கீல்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில பூட்டுகள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும்.

மூன்றாம் படி: பூட்டின் உள்ளே நடப்பதை அறிந்துகொள்ளுதல்

கடையில் கிடைக்கும் சாவிப் பூட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். முதல் வகை லீவர் பூட்டு. அதற்குள் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்கு, கூடவும் குறையவும் இல்லாமல் தூக்கினால்தான் நாக்கு நகரும். கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது என்ற இந்த அமைப்புக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் வகை சிலிண்டர் பூட்டு. சிறிய உருளைக்குள் வில்லோடு கூடிய ஊசிகள் வரிசையாக நிற்க, சரியான சாவி நுழைந்ததும் அவை ஒரே கோட்டில் வந்து நின்று உருளையைச் சுழலவிடும். லைனஸ் யேல் இளையவர் 1860களில் அமெரிக்காவில் செம்மைப்படுத்திய இந்த அமைப்புதான் தட்டையான சிறிய சாவியை நமக்குத் தந்தது.

லீவர் எத்தனை, ஊசி எத்தனை என்று ஏன் கேட்க வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். ஒவ்வொரு லீவரும் 4 வெவ்வேறு உயரங்களில் அமையலாம் என்று வைத்துக்கொண்டால், 4 லீவர் உள்ள பூட்டில் உண்டாகக்கூடிய சாவி வகைகள் 256தான். 7 லீவர் என்றால் 16,384. நடைமுறையில் இவற்றில் பலவற்றைத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்த முடியாது என்பதால் உண்மையான எண்ணிக்கை இன்னும் குறையும். மலிவான பூட்டை அடுத்த வீட்டுச் சாவி திறந்துவிடுவதன் காரணம் இதுதான். வெளிப்புறக் கதவுக்கு லீவர் பூட்டு என்றால் 6க்குக் குறையாமலும், சிலிண்டர் என்றால் ஊசிகள் 5க்குக் குறையாமலும் வாங்குங்கள். சாவியின் பக்கவாட்டில் குழிகள் போட்டிருக்கும் வகையைக் கடைகளில் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள். அதைத் தெருமுனைச் சாவிக்கடையில் கையால் அராவி நகல் எடுப்பது கடினம். வேலைக்காரர், ஓட்டுநர் எனச் சாவி பல கைகள் மாறும் வீட்டுக்கு இது பொருந்தும்.

நாக்கிலும் இரண்டு வகை உண்டு. சாய்ந்த முனையோடு வில்லால் உள்ளே போய் வரும் லாட்ச், கதவைச் சாத்தியதும் தானே விழுந்துவிடும்; மெல்லிய தகட்டைச் செருகி அதைப் பின்னுக்குத் தள்ளவும் முடியும். சதுர முனையுள்ள டெட்போல்ட், சாவியோ, உள்பக்கம் விரலால் திருப்பும் குமிழோ இல்லாமல் அசையாது. வெளிப்புறக் கதவில் டெட்போல்ட் இல்லாத பூட்டு பூட்டே அல்ல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாக்கு குறைந்தது 20 மி.மீ., முடிந்தால் 25 மி.மீ. வெளியே வர வேண்டும்.

நான்காம் படி: தலைவாசல்

ஒற்றைக் கதவுள்ள தலைவாசலுக்கு என் தேர்வு, யூரோ சிலிண்டர் பொருத்திய மார்டைஸ் பூட்டுதான். இதில் பூட்டின் உடல் வேறு, சிலிண்டர் வேறு. சாவி தொலைந்தாலோ, வாடகைக்கு இருந்தவர் காலி செய்தாலோ, ஒரு திருகைக் கழற்றிச் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடலாம். கதவைத் தொட வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு முதல் நாளே இதைச் செய்துகொள்வது நல்லது. முந்தைய குடித்தனக்காரர் எத்தனை நகல் எடுத்தார் என்பது உரிமையாளருக்கும் தெரியாது. மார்டைஸ் பூட்டு வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2209 தரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யூரோ சிலிண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. சிலிண்டரின் நடுவே திருகுத் துளை இருப்பதால் அந்த இடம் மெல்லியது. கதவுக்கு வெளியே சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கெட்டியாகப் பற்றி அந்த இடத்தில் முறித்துவிட முடியும். ஆகவே கதவுத் தடிமனோடு இரண்டு பக்கத் தகடுகளின் தடிமனையும் கூட்டி, வெளிப்பக்கம் 3 மி.மீ.க்கு மேல் நீட்டாத அளவில் சிலிண்டரை வாங்குங்கள். கதவின் அளவைப் பார்க்காமல், இருப்பில் உள்ள நீளத்தையே எடுத்துக் கொடுத்துவிடும் கடைகள் பல. விரல் நகத்தால் தடவிப் பார்த்தால், சிலிண்டரின் முனை தகட்டோடு கிட்டத்தட்டச் சமமாகத் தெரிய வேண்டும்.

உள்பக்கத்தில் சாவித் துளை வேண்டுமா, விரலால் திருப்பும் குமிழ் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நான் குமிழைத்தான் சொல்வேன். நள்ளிரவில் சமையலறையில் எரிவாயு கசிந்தாலோ, மின்கசிவால் புகை சூழ்ந்தாலோ, இருட்டில் சாவியைத் தேட அவகாசம் இருக்காது. கதவிலோ அதை ஒட்டிய ஜன்னலிலோ கண்ணாடி இருந்து, அதை உடைத்துக் கைவிட்டால் குமிழ் எட்டும் என்றால் மட்டுமே இரண்டு பக்கமும் சாவி உள்ள சிலிண்டரைப் போடலாம். அப்போது உள்பக்கச் சாவி, கண்ணாடியிலிருந்து கை எட்டாத, ஆனால் வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும்.

கதவின் உள்முகத்தில் மேலாகப் பொருத்தும் ரிம் பூட்டு, மெல்லிய கதவுக்கும் ஏற்கெனவே மாட்டிய கதவுக்கும் ஏற்றது, ஏனெனில் பெரிய பள்ளம் வெட்ட வேண்டியதில்லை. மூன்று நாக்குகள் உள்ள வகை நன்றாகவே உழைக்கும். ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ரிம் பூட்டை, தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. கோலம் போட வாசலுக்கு வந்த நேரத்தில் காற்றில் கதவு சாத்திக்கொண்டால், அடுப்பில் பாலும் தொட்டிலில் குழந்தையும் உள்ளே இருக்கும்.

பழைய வீடுகளின் இரட்டைக் கதவுகளுக்குத் தனிக் கவனம் தேவை. அங்கே பூட்டின் நாக்கு அசையாத நிலைக்குள் போகாமல், மற்றொரு கதவுக்குள்தான் போகிறது. அந்தக் கதவை மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு நிறுத்தாவிட்டால், பூட்டியிருக்கும்போதே இரண்டு கதவுகளையும் சேர்த்துத் தள்ளித் திறந்துவிடலாம். கீழ்த் தாழ்ப்பாளின் கம்பி தரையில் குறைந்தது ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். அந்தக் குழி மண்ணும் குப்பையுமாக அடைத்திருப்பதைப் பல வீடுகளில் காணலாம். கதவுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி காடி வெட்டியிருந்தால், அதற்கென்றே செய்யப்படும் காடி மார்டைஸ் பூட்டைக் கேளுங்கள். சாதாரணப் பூட்டின் முகத்தகடு அங்கே சரியாக உட்காராது.

ஐந்தாம் படி: கிரில் கேட்டும் தொங்கு பூட்டும்

பூட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஊர் திண்டுக்கல்; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளில் மாங்காய் வடிவத்துப் பூட்டு பெயர்பெற்றது. கையால் செய்த கனமான லீவர் பூட்டு இன்றும் கிரில் கேட்டுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் தொங்கு பூட்டில் முதலில் பார்க்க வேண்டியது அதன் வளையக் கொண்டியை. கடினப்படுத்திய எஃகா, எவ்வளவு பருமன், பூட்டிய பிறகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். வெட்டுக் கருவி நுழைய இடம் தராத, தோள் உயர்ந்த பூட்டே மேல். கொண்டியின் பருமன் நாதாங்கித் துளையை நிறைக்க வேண்டும். துளை பெரிதாகவும் கொண்டி மெலிந்தும் இருந்தால், கடப்பாரையை விட்டு நெம்ப வழி கிடைத்துவிடும்.

உண்மையில் உடைபடுவது பெரும்பாலும் பூட்டல்ல, ஆல்ட்ராப்பும் (தொங்கு பூட்டு மாட்டும் நீண்ட தாழ்ப்பாள்) நாதாங்கியும்தான். அவற்றின் திருகுத் தலைகள் வெளியே தெரிந்தால் ஒரு திருப்புளி போதும், பூட்டைத் தொடாமலே வேலை முடிந்துவிடும். மரக் கதவில் அவற்றை ஊடுருவிச் செல்லும் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்குங்கள். இரும்புக் கேட்டில் பற்றவைத்துவிடுங்கள்.

தொங்கு பூட்டின் இன்னொரு குறை, அது வெளியே தொங்கும்போது வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடுவது. ஊருக்குப் போகும் நாட்களில் தலைவாசலைப் பதித்த பூட்டால் பூட்டிவிட்டு, கிரில் கேட்டின் பூட்டு உள்பக்கமாக இருக்கும்படி ஒரு பெட்டி அமைத்துக்கொள்வது உத்தமம். இரவில் கிரில்லை உள்ளிருந்து பூட்டுகிறவர்கள், சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூங்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி போட்ட வீட்டில், தீ விபத்தின்போது வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் கேட்டுதான்.

ஆறாம் படி: கொல்லை, மாடி, பால்கனி

மொட்டை மாடிக் கதவு மழையும் வெயிலும் நேரடியாக வாங்கும் கதவு. அங்கே சாதாரண இரும்புப் பூட்டு ஒரே பருவமழையில் இறுகிவிடும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ வாங்குங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று படும் வீடுகளுக்கு, 304 வகையைவிட 316 வகை எஃகு நெடுநாள் தாங்கும். இந்தக் கதவுக்கு அழகு தேவையில்லை. உள்பக்கம் ஒரு கனமான ஆல்ட்ராப்பும், அதற்கு மேலே ஒரு டெட்போல்ட்டும் போதும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கீல்களின் ஊசிகள் வெளியே தெரியும். ஊசியைத் தட்டிக் கழற்றிவிட்டுக் கதவையே பெயர்க்கலாம் என்பதால், ஊசி கழலாத வகைக் கீல்களைப் போட வேண்டும். கொல்லைக் கதவுக்கும் இவையே பொருந்தும்.

பால்கனியின் யு.பி.வி.சி. (கெட்டியான பிளாஸ்டிக்) கதவுகளில், கீலில் திறக்கும் வகைக்கு, ஒரே கைப்பிடியில் மேலும் நடுவிலும் கீழும் பூட்டும் பலமுனைப் பூட்டு கிடைக்கிறது. நகர்ந்து திறக்கும் கதவுக்குக் கொக்கி வடிவ நாக்கு வேண்டும். நேர் நாக்கு அங்கே பிடிக்காது. கதவை மூடியபடி மேலே தூக்கிப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து எழும்பினால், எந்தப் பூட்டும் பயனில்லை.

ஏழாம் படி: உள்ளறைகளும் குளியலறையும்

இங்கே திருடனைப் பற்றிய கவலை குறைவு, உள்ளே மாட்டிக்கொள்பவரைப் பற்றிய கவலை அதிகம். படுக்கையறைக்கு ஓர் எளிய லாட்சும், உள்ளிருந்து அழுத்தியோ திருகியோ பூட்டும் உருண்டைக் கைப்பிடிப் பூட்டும் போதும். கைவிரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கு உருண்டைக் கைப்பிடி துன்பம் தரும். அவர்கள் அறைக்கு, முழங்கையாலும் அழுத்தித் திறக்கக்கூடிய நீண்ட கைப்பிடியே நல்லது.

குளியலறைக் கதவில் வழக்கமாகப் போடும் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியாது. வழுக்கி விழுந்த பெரியவரை எடுக்கக் கதவை உடைத்த வீடுகள் எத்தனையோ. வெளிப்பக்கம் நாணயத்தையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் திறக்கும் குளியலறைப் பூட்டுகள் கிடைக்கின்றன. பெரியவர்களோ குழந்தைகளோ உள்ள வீட்டில் அதைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் அழும் நிலையும் இதனால் தவிர்க்கப்படும். ஈரத்தில் துருவேறாத உலோகமாக அது இருக்க வேண்டும்.

மின்னணுப் பூட்டு பற்றி

கைரேகை, எண், அட்டை, கைப்பேசி ஆகியவற்றால் திறக்கும் பூட்டுகளை முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம், விளம்பரத்தை நம்பி ஏற்கவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பெற்றோர், பள்ளி முடிந்து வரும் பிள்ளையிடம் சாவி கொடுத்துவிட வேண்டாம் என்று நினைத்தால் எண் பூட்டு மிகவும் உதவும். ஆனால் பல வருடம் பாத்திரம் தேய்த்த, வயல் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். வாங்குமுன் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் விரலையும் மாதிரிப் பூட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை பேட்டரியில் இயங்குபவை. பேட்டரி தீரும் முன் எச்சரிக்கிறதா, தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க முனை இருக்கிறதா, சாதாரணச் சாவித் துளையும் உண்டா என்ற மூன்றும் கட்டாயம். அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் பயனில்லை. உள்ளே இருக்கும் நாக்கு டெட்போல்ட்டாக இருக்க வேண்டும் என்பதில் இந்தப் பூட்டுக்கும் விலக்கு கிடையாது.

கடைசிப் படி: பொருத்துதலும் பராமரிப்பும்

நல்ல பூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் வேலைதான். திருகைப் பாதி சுத்தியலால் அடித்து, மீதியை மட்டும் திருப்புளியால் முடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது; அப்படி அடித்த திருகின் மறை மரத்தைப் பற்றுவதில்லை. சிறிய துளையிட்டு, முழுவதும் திருப்பியே ஏற்றச் சொல்லுங்கள். நாக்கு நுழையும் நிலைத்தகட்டுக்குப் பெட்டியில் வரும் குட்டைத் திருகுகள் போதாது. 5க்கு 3 அங்குல மர நிலையில் 2 முதல் 3 அங்குல நீளத் திருகுகளைப் போட்டால், தகடு நிலையின் மேற்பரப்போடு நிற்காமல் அதன் உடலைப் பற்றிக்கொள்ளும். கதவை உதைக்கும்போது முதலில் பிளப்பது இந்த இடம்தான். நிலையே சுவரில் ஆடினால், பூட்டுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

பூட்டைப் பொருத்திய பிறகு நாக்கின் முனையில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். தகட்டில் எங்கே வெள்ளை படிகிறதோ அங்கேதான் நாக்கு இடிக்கிறது. தகட்டை அந்த அளவுக்கு நகர்த்தினால் சாவியை நெருக்கித் திருப்ப வேண்டியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும் என்பதால், கோடையில் பொருத்தும்போது துளையில் மேலும் கீழும் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவைத் திறந்து வைத்துச் சிலமுறை, சாத்தி வைத்துச் சிலமுறை, இருபக்கமிருந்தும் எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.

இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். முதல் சில நாள் இலகுவாக இருக்கும். பிறகு தூசி ஒட்டிப் பிசினாகி, ஊசிகள் எழும்பாமல் போய்விடும். சிலிண்டருக்குக் கிராஃபைட் தூளோ, உலர்ந்த வகை மசகு ஸ்பிரேயோதான் ஏற்றது. அவசரத்துக்குப் பென்சில் முனையைச் சாவிப் பள்ளங்களில் தேய்த்துச் செருகி எடுத்தாலும் வேலை செய்யும்.

சாவியோடு வரும் எண் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைக் கொண்டே நகல் செய்யக்கூடும் என்பதால், அதைச் சாவிக்கொத்தில் கட்டிவைக்கவோ படமெடுத்து அனுப்பவோ கூடாது. மாற்றுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் ஒளித்து வைக்காமல், நம்பிக்கையான உறவினர் வீட்டில் முகவரி எழுதாத உறையில் கொடுத்து வையுங்கள். ஓர் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தம் அறையிலிருந்து தெருவாசல் வரை வந்து எல்லாப் பூட்டுகளையும் தாமே திறக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால், மாற்ற வேண்டியது அந்தக் கதவின் பூட்டைத்தான்.